மதியின் ப்ராஜெக்ட் பற்றி

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. ஒருவழியாக மாடி வீட்டு வேலை முடிந்ததே, பெரிய விஷயம். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தன் பாக்டீரியா எதையெதைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்று அதன் ஜீனோமிலிருந்து (மொத்த டிஎன்ஏ வரிசை) கண்டுபிடிக்க, மதிக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறாய். கையில் இருப்பது ஒரே ஒரு பாக்டீரியாவின் ஜீனோம் என்றால், முதலில் கெக் (KEGG) என்ற இணையத் தரவுத்தளம் போதும். 1995-இல் ஜப்பானின் கியோட்டோவில் கனேஹிசா என்ற ஆய்வாளர் தொடங்கியது. புரத வரிசைகளைக் கொடுத்தால், எந்த நொதி (வேதிவினையை நடத்தும் புரதம்) எந்த வளர்சிதைமாற்றப் பாதையில், அதாவது ஒரு பொருளைப் படிப்படியாக வேறொன்றாக்கும் வினைத் தொடரில், வருகிறது என்று வரைபடத்தில் கட்டங்களுக்கு நிறம் ஏற்றிக் காட்டும். இணையத்தில் பார்க்கக் காசு வேண்டாம். மொத்தமாக இறக்கிக்கொள்ளத்தான் 2011 முதல் சந்தா. கை பழகிய பிறகு பாத்வே டூல்ஸ் என்ற மென்பொருள் பக்கம் போகட்டும். கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் பீட்டர் கார்ப் குழு செய்தது.

எனக்கு உறுத்துவது வேறு. எல்லாப் பாதையும் முழுசாக வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறாராமே அவள் வழிகாட்டி! நிறம் ஏறிய கட்டத்துக்கு அர்த்தம் இவ்வளவுதான்: வேறெங்கோ சோதித்துப் பார்த்த புரதம் ஒன்றோடு இதன் வரிசை ஒத்துப்போகிறது. நொதி வேலை செய்கிறதா என்பது அதில் தெரியாது. 2016-இல் வெறும் 473 மரபணுக்களோடு ஆய்வகத்தில் உருவாக்கினார்களே ஒரு பாக்டீரியா, அதிலேயே 149 மரபணுக்களுக்கு என்ன வேலை என்று அவர்களுக்கே தெரியவில்லை.

நிறம் ஏறாத காலிக் கட்டத்தை நிரப்பவும் மென்பொருளில் வழி இருக்கிறது. கணினி மாதிரியில் பாக்டீரியா வளரவில்லை என்றால், மரபணு இல்லாவிட்டாலும் ஒரு வினையைச் சேர்த்து வளரவைத்துவிடும். அங்கேதான் பயம்.

உன் அவரைப் பந்தலில் அப்பிக் கிடக்கிறதே அசுவினி, அதையே எடுத்துக்கொள். அது குடிக்கும் சாற்றில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் (புரதம் கட்டத் தேவையான, பூச்சியால் தனியாகச் செய்துகொள்ள முடியாத கூறுகள்) மிகக் குறைவு. அதன் உடலுக்குள், தனிச் செல்களில் குடியிருக்கும் புக்னேரா என்ற பாக்டீரியாதான் அவற்றைத் தயாரித்துக் கொடுக்கிறது. பட்டாணி அசுவினியின் புக்னேரா ஜீனோமை 2000-இல் ஜப்பானியர்கள் வெளியிட்டார்கள், சுமார் 6.4 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்தான். அதில் லூசின், வேலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கான பாதைகள் படிப்படியாக வந்து, இரண்டுக்கும் பொதுவான கடைசிப் படியில் நின்றுவிடுகின்றன. அந்த நொதிக்கு மரபணுவே இல்லை. 2010-இல் அசுவினியின் ஜீனோம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது: அந்தக் கடைசிப் படிக்கான நொதி பூச்சியிடம் இருக்கிறது! புக்னேராவை மட்டும் மென்பொருளில் போட்டு ஓட்டையை அடைத்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

அதனால் மதி காலிக் கட்டங்களைத் தனியே எழுதி வைக்கட்டும். ஒவ்வொன்றுக்கும், புரதப் பட்டியலை விட்டுவிட்டு நேரே டிஎன்ஏ வரிசையிலேயே பிளாஸ்ட் (ஒத்த வரிசைகளைக் கண்டுபிடிக்கும் நிரல்) தேடல் செய்து பார்க்கட்டும். ஏனென்றால் மரபணுவை அடையாளம் காட்டும் நிரல் சிலதைத் தவறவிடும். ஜீனோமைத் துண்டு துண்டாகப் படித்துத்தான் ஒட்டுவார்கள்; துண்டுகள் சேராமல் போன இடத்தில் மரபணு பாதியில் அறுந்திருக்கவும் கூடும். அப்புறமும் கிடைக்காவிட்டால், அந்தப் பாதை தயாரிக்க வேண்டிய அமினோ அமிலம் சேர்க்காத வளர்ப்பு ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கட்டும். வளர்ந்தால் அதையே வழிகாட்டியிடம் காட்டலாம், வேறு வழி ஏதோ இருக்கிறது என்று.

ஜீனோம் எத்தனை துண்டாக வந்திருக்கிறது என்று அவளைக் கேட்டு எழுது. நூறு இருநூறு என்றால் முதலில் அதைச் சரிசெய்யத்தான் நான் சொல்லுவேன்.

அன்புடன்,
சுமதி