தையல் மெஷின் வேண்டாம் ராசா

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார். கால்வாயில் படகை ஏற்றி இறக்குகிற லாக்கின் கதவைத் தள்ளும்போது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் பிறந்தநாளுக்குக் கம்ப்யூட்டர் தையல் மெஷின் வாங்கப்போவதாகப் போனில் சொன்னாயே, அது வேண்டாம்டா. காசு மிச்சம் பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்துக் கால்வாயில் நாங்கள் குடியிருக்கிற இந்தப் படகுக்கு அது ஒத்துவராது. போனில் விளக்கினால் 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஆர்டர் போட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கரண்ட் போதாது என்று நினைக்காதே. வீட்டுத் தையல் மெஷின் நூறு வாட் அளவில் ஓடிவிடும், இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். படகில் கரண்டைக் குடிப்பது இஸ்திரிப் பெட்டிதான். 2,000 வாட் பெட்டியை 12 வோல்ட் பாட்டரியில் ஓட்டினால் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிசம்பரில் இங்கே பகலே எட்டு மணி நேரம் கிடையாது, கூரை மேல் இருக்கிற சோலார் பலகை பேருக்குத்தான். அதனால் பழைய கனத்த இரும்புப் பெட்டி ஒன்றைக் கரி அடுப்பின் தலையில் வைத்துச் சுட வைத்துக்கொள்கிறேன். தையலுக்குத் தையல் மடித்துத் தேய்க்காவிட்டால் என்ன தைத்தும் பிரயோசனம் இல்லை. பாட்டி வீட்டுத் தெருமுனை இஸ்திரிக்காரர் பார்த்தால் சிரிப்பார்.

பிரச்சினை ஈரம். நீ வந்தது கோடையில், அதனால் உனக்குத் தெரியாது. படகின் உடம்பு முழுக்க இரும்பு. வெளியே குளிர், உள்ளே இரண்டு பேர் மூச்சு, ரசம், டீ எல்லாம் ஆவியாகி விடியற்காலையில் ஜன்னலில் தண்ணீராக வழியும். கட்டிலுக்கு அடியில் துணியை இரும்புச் சுவரை ஒட்டி வைத்தால் ஒரு குளிர்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். ஊசி துருப்பிடிக்கும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றி மூடி இறுகிய டப்பாவில் வைத்திருக்கிறேன். (தேங்காய் எண்ணெய் இல்லை. அது இங்கே அக்டோபரிலேயே கல்லாகிவிடும், மெஷின் எண்ணெய்தான்.) இந்த ஈரத்தில் நீ வாங்கப்போகிற மெஷினின் சர்க்யூட் போர்டு எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போனால் இந்த வயல்வெளியில் யார் வந்து பார்ப்பார்கள்?

என் கை மெஷின் சிங்கர் 99கே. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் கில்போவி தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள், ஆனால் இதன் அடிநூல் சுற்றும் பாபின் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. ஊசி சாதாரண வீட்டு மெஷின் ஊசியே. நேர்த்தையல் மட்டும்தான் போடும், ஜிக்ஜாக் கிடையாது. வலது கை கைப்பிடியைச் சுற்ற, இடது கை ஒன்றே துணியைத் தள்ள வேண்டும், அது பழக நாளாயிற்று. ஆனால் மெதுவாகச் சுற்றினால் கித்தான் துணியையே மூன்று மடிப்பு தைக்கிறது.

இடமும் இல்லை. படகு 57 அடி நீளம், அகலம் ஏழடிகூட இல்லை. இங்குள்ள சின்ன லாக்கெல்லாம் ஏழடிதான், அதற்குள் நுழைய வேண்டுமே. உள்ளே ஆறடி வரும், அதிலும் பாதியை அலமாரி தின்றுவிடுகிறது. ஒரு சேலையை நீளவாக்கில் தாராளமாக விரிக்கலாம், டபுள் பெட்ஷீட்டை விரிக்க முடியாது. ஒட்டுப்போர்வை தைக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் பஞ்சு வைத்துத் தனித்தனியாகத் தைத்து முடித்துவிட்டு, கடைசியில்தான் ஒன்றோடொன்று இணைக்கிறேன். தைக்கும் மேஜை சாப்பாட்டு மேஜையும்கூட. பசி வந்ததும் அப்பா தட்டோடு வந்து நிற்பார், நான் மூட்டை கட்ட வேண்டும்.

என்ன தைக்கிறாய் என்று கேட்டாய். வட்ட ஜன்னல்களில் ராத்திரி அடைக்கப் பஞ்சுத் திண்டுகள். குளிரும் நிற்கும், எதிரே வருகிற படகுக்காரர் எட்டிப் பார்ப்பதும் நிற்கும். படகின் முன்பக்கக் கித்தான் மூடியில் தையல் விட்டுப்போயிருந்தது, துணி நன்றாகவே இருக்கிறது, நூல்தான் வெயிலில் இற்றுவிட்டது. வெளியே கிடக்கிற பொருளுக்குப் பருத்தி நூல் கூடாது, வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் வேண்டும். அதைப் பார்த்த பக்கத்துப் படகுக்காரர் தன் மூடியையும் கொண்டுவந்தார். கூலி ஒரு மூட்டைக் கரி! பிறகு இன்னொருவர் ஜிப் மாற்றக் கொண்டுவந்தார். அப்பா எனக்குப் போர்டு எழுதி மாட்டுவதாகக் கிண்டல் செய்கிறார்.

ஸ்டோக் புரூயனில் இருக்கிற கால்வாய் மியூசியத்துக்குப் போனோம். சரக்குப் படகுக் குடும்பங்கள் வாழ்ந்த பின்னறை பத்தடி நீளம்கூட இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், அடுப்பு எல்லாம் அதற்குள். அந்த இடத்திலும் அலமாரி விளிம்புக்கெல்லாம் குரோஷா பின்னல் ஓரம், படகை இழுத்த குதிரையின் காதில் ஈ மொய்க்காமல் இருக்கப் பின்னிய தொப்பி. பெண்கள் போட்ட பானெட் தொப்பியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். நெற்றிப் பக்கம் கயிறு வைத்து வரிவரியாகத் தைத்த மடிப்பு, பின்கழுத்தில் வெயில் படாமல் தொங்கும் துணி, எல்லாம் கையால். 1901-ல் விக்டோரியா ராணி இறந்த பிறகு கறுப்புத் துணிக்கு மாறினார்களாம். பகலெல்லாம் சுக்கான் பிடித்துவிட்டு ராத்திரி விளக்கில் இதைத் தைத்திருக்கிறார்கள். எனக்கு எட்டு மணிக்கே கண் சொக்குகிறது. அந்தத் தொப்பி மாதிரி ஒன்று தைத்துப் பார்க்க ஆசை.

அதற்குத்தான் உன்னிடம் கேட்கிறேன். போன மாதம் லெஸ்டரில் நின்றபோது பெல்கிரேவ் சாலைச் சேலைக்கடைகளில் ஏறி இறங்கினேன். பட்டு, ஜார்ஜெட், ஜிகினா எல்லாம் இருக்கிறது, நான் தேடிய மெல்லிய பருத்தி கிடைக்கவில்லை. சீக்கிரம் வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. நிரந்தர இடம் இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, 1995 சட்டம். பாக்ஸ்டனில் பத்து லாக்கையும் ஏறி மேலே வந்துவிட்டோம். தண்ணீர் மடைகளில் சிவப்பை முதலில், வெள்ளையைப் பிறகு திறக்க வேண்டும் என்று நீ கத்திக்கொண்டே ஓடினாயே, அங்கேதான். குளிர்காலப் பராமரிப்புக்கு லாக்குகளை மூடுவதற்குள் பிரான்ஸ்டன் பக்கம் போய்ச் சேர வேண்டும்.

தீபாவளிக்கு மதுரை போகும்போது பாட்டியின் பீரோவில் மேல்தட்டில் பழைய சுங்குடிச் சேலைகள் இருக்கும். கிழிந்தது இரண்டு போதும், நல்லதை எடுக்காதே, பாட்டி எண்ணி வைத்திருப்பாள். முடிந்தால் டவுன்ஹால் ரோடு பக்கம் வெள்ளை, கறுப்பு நூல்கண்டு ஒரு பெட்டி. படகுக்குத் தபால் வராது. மல்லிகா சித்தியின் லெஸ்டர் முகவரிக்கு அனுப்பு, கிறிஸ்துமஸ் லீவில் காரில் கொண்டுவந்து தருவாள். பார்சலில் துணி என்று மட்டும் எழுது, ஊறுகாய் எதுவும் ஒளித்து வைக்காதே. அப்பா கேட்டாலும் வைக்காதே.

அன்புடன்,
அம்மா