கனிவுப் பயிற்சி கொடுங்கள், ஆளையும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் செவிலியர்கள் எரிந்து விழுகிறார்கள், அவர்களுக்குக் கனிவாகப் பேசப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசுச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் எழுதியதில் பொய் இல்லை. எரிந்து விழுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தபோது கூப்பிட்டுக் கண்டித்தும் இருக்கிறேன். பிரசவ வார்டில் வலி தாங்காமல் கத்துகிற பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசுவதற்கு எந்த வேலைப்பளுவும் சாக்கு ஆகாது. ஆனால், இனிக்க இனிக்கப் பேசிவிட்டால் கனிவு வந்துவிடும் என்று அவர் நினைக்கிறாரே, அங்கேதான் எனக்கு வழக்கு.

பக்கவாதம் வந்து, பேச்சும் நினைவும் போய்ப் படுத்திருக்கும் ஒரு மூதாட்டிக்கு நம் சிரித்த முகம் எதற்கு? அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழே, குதிகாலில், தோள்பட்டையில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு அது. அப்போதே கவனிக்காவிட்டால் தோல் உரிந்து, புண்ணாகி, எலும்பு வரை போய்விடும். திருப்புவதற்கு முன் மறைப்புத் தட்டியை இழுத்துப் போட வேண்டும். அவர் காதில் விழுகிறதோ இல்லையோ, "பாட்டி, இடப்பக்கமாகத் திருப்பப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் வழன்றுவிடும். தூக்கித்தான் நகர்த்த வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். முதுகைத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் நீவி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, சிறுநீர்க் குழாய் உடம்புக்கு அடியில் சிக்காமல் எடுத்துவிட்டு நிமிரும்போது பத்து நிமிடம் போயிருக்கும். நர்சிங் படிக்கும்போது எங்களுக்கு டியூட்டர்கள் கனிவு என்று கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

இதை நாட்டுக்கே செய்து காட்டியவர்கள் மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள். அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று, அதே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டதில் மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே 18 அன்று இறக்கும் வரை அந்த மருத்துவமனையிலேயே படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருக்குப் படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை என்பதுதான், அந்த வழக்கில் என்னைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி. அவரைக் கருணைக் கொலை செய்யக் கோரிய மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் சார்பில் பேசும் தகுதி, மனு போட்ட எழுத்தாளருக்கு அல்ல, இத்தனை காலம் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றும் சொன்னது. அப்படி உயிரோடு வைத்திருந்தது சரிதானா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு; அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. நான் பேசுவது புண்ணே வராத அந்த முதுகைப் பற்றி. அது தனி ஒருத்தியின் நல்ல மனத்தால் ஆகிற காரியமா? 1973இல் பிறந்தே இராத பெண்கள் கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஷிஃப்ட் சொல்லிவிட்டுப் போக, அடுத்த ஷிஃப்ட் ஏற்றுக்கொள்ள ஆள் இருந்தது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த போதனா மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர், விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அதை மூன்று ஷிஃப்ட்டுக்குப் பிரித்தாலும் ஒருவர் பொறுப்பில் 15 நோயாளிகளுக்கு மேல் வரக் கூடாது. நான் நைட் டியூட்டி பார்த்த ஆண்கள் மருத்துவ வார்டில் ஐம்பது பேர் இருப்பார்கள். கட்டில் போதாமல் பாயில் கிடப்பவர்கள் வேறு. நானும் ஒரு பயிற்சி மாணவியும் மட்டும். தரையில் மண்டியிட்டு நரம்பு தேடி, ஊசிகளை ஒரு சுற்றுப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த அட்மிஷன் ஸ்ட்ரெச்சரில் வந்து நிற்கும். அது போக ரிஜிஸ்டர்கள்.

ஊசி போடாவிட்டால் கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும். ட்ரிப்ஸ் மாற்றாவிட்டால் காலி பாட்டில் காட்டிக்கொடுக்கும். பாட்டியின் முழங்கால் நடுவே தலையணை வைத்தேனா, தட்டியை மறைத்தேனா என்று எந்த அதிகாரியும் ரவுண்ட்ஸில் கேட்டதில்லை. ஆகவே ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான். கூட இருக்கும் மகளுக்குத் திருப்பச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அவள் இரண்டு இரவு செய்வாள், மூன்றாம் இரவு அசந்து தூங்குவாள். அவளை யார் குறை சொல்வது? பகலெல்லாம் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலைந்தவள். அந்த மகள் நள்ளிரவில் வந்து, "சிஸ்டர், அம்மா நனைத்துவிட்டார்" என்று மூன்றாம் முறை சொல்லும்போது விழும் சிடுசிடுப்பைத்தான் வாசகர் கேட்டிருக்கிறார்.

ஊதியம் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். எனப்படும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. பிறகு தொகை கூடியது என்றாலும், ஒரே வார்டில், ஒரே வேலையை, பக்கத்தில் நிற்கும் நிரந்தரச் செவிலியரைவிடப் பல மடங்கு குறைந்த சம்பளத்துக்குச் செய்கிற பெண்ணிடம் போய்ச் சிரித்துக்கொண்டே செய் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

மே 12, செவிலியர் தினம் வந்தால் மெழுகுவத்தி ஏற்றி, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி எடுக்கிறோம். கையில் விளக்கோடு நடந்த அம்மையார் என்பதே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கிரிமியப் போர் முடிந்து ஊர் திரும்பியதும், காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த சிப்பாய்களே அதிகம் என்று எண்ணி, அதை 1858இல் வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவரும் அவர்தான். மெழுகுவத்தியைவிட அந்தக் கணக்குதான் நமக்கு இப்போது அவசரம்.

எனவே சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கனிவுப் பயிற்சி வைத்தால் வைக்கட்டும், வாராந்திர ஓய்வு நாளில் வைக்காமல் இருந்தால் சரி. அதோடு ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு கரும்பலகை மாட்டி, இந்த ஷிஃப்ட்டில் நோயாளிகள் எத்தனை, செவிலியர்கள் எத்தனை என்று சாக்பீஸால் எழுதி வைக்கட்டும். புகார் எழுதும் வாசகரும் அந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதலாம். புகையிலை எச்சரிக்கைக்கும் "அமைதி காக்கவும்" பலகைக்கும் சுவர் இருக்கிறது. இதற்கு இடமில்லாமல் போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.