சனிக்கிழமை இசை வகுப்பை மூடிவிடாதீர்கள்: எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் நடந்துவந்த ராக் இசை வகுப்பை நிறுத்திவைப்பதென்று சென்ற கூட்டத்தில் தாங்கள் முடிவெடுத்திருப்பதாக அறிந்தேன். கற்றுத்தருபவர் ஆசிரியர் பயிற்சி பெறாத ஒரு தறி மெக்கானிக், சத்தம் பொறுக்க முடியவில்லை, இது நம் மண்ணின் இசை அன்று, பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இவற்றில் எதையும் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த வகுப்பின் ஓரத்தில் பலமுறை அமர்ந்து கவனித்திருக்கிறேன் என்ற உரிமையில், தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட நம் வட்டாரத்தில் அவரைத் தெரியாத தறிக்குடோன் இல்லை. வாசலில் நின்று ஓடும் தறியின் சத்தத்தைக் கேட்டே, நாடாவை எறியும் கட்டை தளர்ந்திருக்கிறதா, பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இளம் வயதில் மெல்லிசைக் குழுவொன்றில் கிட்டார் வாசித்தவர் என்பதும், வீட்டில் பரண்மேல் கிடந்த பழைய கருவிகளைத் தாமே பழுதுபார்த்துப் பள்ளிக்குக் கொண்டுவந்தார் என்பதும் நம்மில் பலருக்கு இந்த வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரிந்தன. தறியைக் கேட்ட அதே காதுதான் பிள்ளைகளிடமும் வேலை செய்கிறது. ஒரு சிறுவன் கிட்டாரின் கம்பிகளை மீட்டிக் காட்டினால், அதை வாங்கி உடனே சுருதி சேர்த்துத் தந்துவிட மாட்டார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "எந்தக் கம்பி சேரலைன்னு நீயே சொல்லு கண்ணு" என்று காத்திருப்பார். அவன் தவறான கம்பியைக் காட்டினாலும் திட்டமாட்டார். மறுபடியும் மீட்டச் சொல்வார். வகுப்பறையில் இவ்வளவு பொறுமையாக ஒரு குழந்தையின் விடைக்காகக் காத்திருந்த ஆசிரியர்கள் மிகச் சிலரைத்தான் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

ராக் இசை என்றவுடன் கூச்சலும் தலைமுடியை ஆட்டுவதும்தான் நினைவுக்கு வருகிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். 1950களில் அமெரிக்காவில், கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்தும் நாட்டுப்புற இசை மரபுகளிலிருந்தும் கிளைத்து வளர்ந்த இந்த இசையின் அடிப்படை அமைப்பு மிக எளிமையானது. பன்னிரண்டு தாள அளவைகள் கொண்ட ஒரு சுற்று, அதற்குள் கார்டு எனப்படும், ஒருசேர ஒலிக்கும் சுரச் சேர்க்கைகள் மூன்றே மூன்று, ஒவ்வோர் அளவைக்கும் நான்கு எண்ணிக்கை, இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தமாக விழும் சிறு டிரம்மின் அடி: எண்ணற்ற பாடல்கள் இந்த ஒரு சட்டகத்துக்குள் அமைந்திருக்கின்றன. பவர் கார்டு என்று அவர்கள் வாசிப்பது அடிச்சுரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே சேர்ந்த ஒலி. நம் தம்பூராவின் கம்பிகளில் காலங்காலமாக ஒலித்துவருவதும் சட்ஜமமும் பஞ்சமமும்தான். ஆகவே இரண்டு விரல்களை நகர்த்தத் தெரிந்த ஒரு பத்து வயதுக் குழந்தையால் சில வாரங்களிலேயே ஒரு பாட்டுக்குத் துணையாக வாசித்துவிட முடிகிறது. பல ஆண்டுகள் உழைத்த பிறகே மேடையேற முடியும் இசைகளின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு பிற்பகல் மட்டுமே கிடைக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு, சீக்கிரமே சேர்ந்து வாசிக்க இடம்தரும் இந்த அமைப்பு எவ்வளவு பொருந்துகிறது என்பதைத் தாங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சேர்ந்து வாசிப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டிரம் வாசிக்கும் பிள்ளை அவசரப்பட்டால் பாட்டே ஓடிவிடும். நான்கு தடித்த கம்பிகள் கொண்ட பேஸ் கிட்டாரைக் கேட்பவர்கள் கவனிப்பதே இல்லை. அது நின்றுவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே முதல் வரிசையில் நிற்கும் பிள்ளையும் மூலையில் நிற்கும் பிள்ளையும் ஒருவரையொருவர் கேட்டே தீர வேண்டியிருக்கிறது.

ஒடிசாவிலிருந்து வந்து நம் ஊர் மில்லில் வேலை செய்யும் தம்பதியின் மகனைத் தாங்கள் அறிவீர்கள். வந்த புதிதில் வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்று சொல்வதற்கே அவனுக்குக் குரல் எழும்பாது. தமிழ் எழுத்துக்களை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் முயன்றேன். தலையைக் குனிந்துகொண்டு எழுதுவான், வாய் திறக்க மாட்டான். மெக்கானிக் அவன் கையில் டிரம் குச்சிகளைக் கொடுத்தார். எந்தப் பாட்டானாலும் தொடங்குவதற்கு முன் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டி உரக்க எண்ண வேண்டியவன் டிரம் வாசிப்பவனே. அவன் எண்ணாமல் ஒருவரும் தொடங்க முடியாது. முதல் நாள் அவன் குச்சிகளை மட்டும் தட்டினான், எண்ணவில்லை. மற்றப் பிள்ளைகள் கிட்டாரைப் பிடித்தபடி காத்து நின்றார்கள். "நீ எண்ணுனாத்தான் ஆரம்பிப்போம் சாமி, அவசரமில்லை" என்றார் அவர். சிறிது நேரம் கழித்து மெல்லிய குரலில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றான். இப்போது அவன் எண்ணும் சத்தம் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெளியே கேட்கிறது. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிறான். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் மேலும் மேலும் சேரும் நம் போன்ற பள்ளிகளில், ஒரு குழந்தை தன் குரல் இந்த ஊருக்குத் தேவைப்படுகிறது என்று உணர்வதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி பெறாதவர் என்ற மறுப்புக்கு வருகிறேன். பயிற்சி பெற்ற இசையாசிரியர் ஒருவரை அரசு நமக்குத் தந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கே கலைக்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநர் உண்டு. 2012இல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தபோதும், எண்ணிக்கை குறைந்த நம் பள்ளிக்கு எவரும் வரவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருப்பவர் இவர் ஒருவர்தான், அதுவும் ஊதியம் எதுவும் கேட்காமல்.

இத்தகைய ஆசிரியர்கள் வேறிடங்களிலும் இருந்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லாங்லி என்னும் பகுதியின் தொடக்கப் பள்ளிகளில், 1970களில், ஹான்ஸ் ஃபெங்கர் என்ற கிட்டார் கலைஞர் இசையாசிரியராகச் சேர்ந்தார். மரபான இசைக் கல்வி பற்றித் தமக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கென்று எழுதப்பட்ட செல்லப் பாட்டுகளை விட்டுவிட்டு, அவர்கள் விரும்பிய பீச் பாய்ஸ், டேவிட் போவி ஆகிய ராக் கலைஞர்களின் பாடல்களைக் கற்றுத்தந்தார். தனிமையும் சோகமும் நிறைந்த பாடல்களைத்தான் அந்தச் சிறுவர்கள் உள்ளன்போடு பாடினார்கள் என்பது அவருடைய அனுபவம். 1976இலும் 1977இலும் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் அவற்றைப் பதிவு செய்து, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மட்டுமாக இசைத்தட்டு போட்டுக்கொடுத்தார். 2001இல் அந்தப் பதிவுகள் மீண்டும் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. போவியும் வியந்து பாராட்டினார். அதில் சுருதி விலகும் இடங்கள் உண்டு. அந்தக் குழந்தைகள் தம்மை மறந்து பாடுகிறார்கள் என்பதும் அதே பதிவில் கேட்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியின் பத்திரப்பன் ஐயா, வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மி என்னும் நாட்டுப்புற ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தபோது கொங்கு நாடே மகிழ்ந்தது. அவரிடம் யார் சான்றிதழ் கேட்டோம்?

நம் மண்ணின் இசை அன்று என்ற வருத்தத்தை நான் மதிக்கிறேன். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணமார் கதையை உடுக்கை ஒலியோடு இரவெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். என்றாலும், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து வந்த வயலின் இன்று கர்நாடகக் கச்சேரியின் உயிர்நாடியாகிவிட்டது. நம் மாரியம்மன் திருவிழாவில் முழங்கும் பேண்டு வாத்தியத்தின் டிரம்பெட்டும் கடல் கடந்து வந்ததே. கூட்டத்தில் எவரும் குறிப்பிடாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: சென்ற பள்ளி ஆண்டு விழாவுக்கு நம் மெக்கானிக் பக்கத்து ஊரிலிருந்து, நம் கொங்கு மண்ணின் தோல்கருவியான துடும்பை வாசிக்கும் கலைஞர்களை அழைத்துவந்து, பிள்ளைகளின் கிட்டாருக்கு இணையாக வாசிக்க வைத்தார். அதன் பிறகு மூன்று சிறுவர்கள் துடும்பு கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களைத் துடும்பிடம் கொண்டுசேர்த்தது இந்த ராக் வகுப்புத்தான்.

படிப்புக் கெடுகிறது என்பதில் மட்டும் என்னால் சற்றும் உடன்பட முடியவில்லை. இது என் துறை. அந்த வகுப்பில் பிள்ளைகள் தாங்களே தமிழில் பாட்டுக் கட்டுகிறார்கள். "கரண்டு போச்சு, தறி நின்னுபோச்சு" என்று தொடங்கும் அவர்களுடைய பாட்டில், அடுத்த வரி நான்கு எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை என்று ஒரு பிற்பகல் முழுவதும் சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். குறிலா நெடிலா, எங்கே நீட்டலாம், எங்கே ஒற்று வந்து இடிக்கிறது என்றெல்லாம் அவர்கள் சண்டையிட்டதைக் கேட்டு நான் அசந்துபோனேன். நேர், நிரை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நாங்கள் திணறிய யாப்பு அது. மறுநாள் அதே பிள்ளைகளிடம் "கற்க கசடற" என்பதைக் கைதட்டிப் பிரிக்கச் சொன்னேன். தேமா, கருவிளம் என்னும் வாய்பாடுகளின் பெயர் தெரியாமலேயே அசைகளைச் சரியாகப் பிரித்தார்கள்.

சத்தம் என்பது நியாயமான புகார். பள்ளியைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடம்தருகின்றன. அவற்றின் நோக்கத்தை நாமே மீறக் கூடாது. மெக்கானிக் ஏற்கெனவே சன்னல் பக்கச் சுவரில் பழைய பவானி ஜமக்காளங்களைத் தொங்கவிட்டிருக்கிறார். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கிறதே தவிர, வெளியே போகும் சத்தத்தைத் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெருவை ஒட்டிய இப்போதைய அறைக்குப் பதிலாகப் பின்புறத்துப் பழைய சத்துணவுக் கூடத்தை ஒதுக்கித் தந்தால், தனிப்பயிற்சிக்கு டிரம்முக்குப் பதிலாக ரப்பர் தட்டுகளைப் பயன்படுத்தி, எல்லோரும் சேர்ந்து வாசிப்பதைக் கடைசி அரை மணி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறார். பிள்ளைகளின் காதுகளுக்கும் அதுவே நல்லது. வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் பெற்றோர் ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ உடனிருக்க வேண்டும் என்று தாங்கள் நிபந்தனை விதித்தால் அதுவும் சரியானதே. அந்தப் பொறுப்பை முறைவைத்து ஏற்க நானும் மேலும் சில தாய்மார்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இக்குழுவின் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுவே வகுக்க வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே இந்த வகுப்பை அத்திட்டத்தில் முறையாகச் சேர்க்கும் அதிகாரம் தங்களிடமே இருக்கிறது. மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரின் கையொப்பங்களோடு கூடிய விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் திங்களன்று அளிக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை மெக்கானிக்கை அழைக்காமலேயே அவரைப் பற்றி முடிவெடுத்தீர்கள். இம்முறை அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, அவர் சொல்வதையும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
இப்பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டி