காடிக் கிண்ணத்தையும் சொல்லிக்கொடுங்கள்

மருத்துவக் கல்லூரிகளில் முதலாமாண்டு உடற்கூறியல் நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து மருத்துவம் சேர்ந்தவள் நான். முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இடுப்பெலும்பைக் கையில் கொடுத்து, குழியைக் காட்டி, "இது என்ன?" என்றார்கள். அசிடாபுலம். ராத்திரி முழுக்க எழுதிப் பார்த்த சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அதில் பாதி எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? லத்தீனில் 'அசிட்டம்' என்றால் வினிகர். நம் பழைய சொல்லில் காடி. பிளஸ் டூவில் உருப்போட்ட அசிட்டிக் அமிலம் அதே வேரில் முளைத்ததுதான். பின்னால் ஒட்டியிருக்கும் 'ஆபுலம்' கொள்கலத்தைக் குறிக்கிறது. ரோமானியர் சாப்பாட்டு மேசையில் வினிகர் ஊற்றி வைத்த சின்னக் கிண்ணம்தான் அசிடாபுலம். அதையே அளவையாகவும் வைத்திருந்தார்கள். இன்றைய கணக்கில் சுமார் 68 மில்லி.

அந்த எலும்பைக் குழி மேலே பார்க்கும்படி பிடித்துப் பாருங்கள். உயர்ந்த விளிம்பு, உள்ளே லாட வடிவில் வழவழப்பான பட்டை, ஒரு பக்கம் மட்டும் விளிம்பு உடைந்தாற்போல ஒரு வெட்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை வந்து உட்கார்வது இதற்குள்தான். இடுப்பெலும்பின் பகுதிகளான இலியம், இஸ்கியம், பியூபிஸ் மூன்றும் கூடுகிற இடமும் இதுவே. இந்தக் கிண்ணத்தைச் சுமக்கும் மொத்த எலும்புக்குப் பழைய பெயர் 'இன்னாமினேட்டம்', அதாவது பெயரில்லாதது. படிப்பு முடிந்தபின் அகராதியைப் புரட்டித்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

ஆங்கிலம் சாக்கெட் என்றதை நம் பள்ளிப் பாடநூல் 'பந்து கிண்ண மூட்டு' என்று எழுதியது. ரோமானியர் கண்ணுக்குத் தெரிந்த கிண்ணம் நம்மவர் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. இன்று எலும்பு சிகிச்சைப் பிரிவில் எனக்குக் கைகொடுப்பதும் அந்தக் கிண்ணம்தான். போன மாதம் ஒரு பாட்டியிடம், "கிண்ணம் தேஞ்சிருக்கு பாட்டி, புதுசு வைக்கணும்" என்றேன். "அப்போ உருண்டை நல்லாயிருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மேல் நான் என்ன விளக்க?

2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உங்கள் வகுப்புக்குக் கூடுதலாக வருகிறார்கள். கீழ்க்கால் எலும்பான டிபியா புல்லாங்குழல், முழங்கால் சில்லான பட்டெல்லா சின்னத் தட்டு, காறை எலும்பான கிளாவிக்கிள் சின்னச் சாவி என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வைவாவில் ஒரு பிள்ளை பெயர் வராமல் "வினிகர் கிண்ணம்..." என்று தடுமாறினால், தயவுசெய்து அரை நிமிடம் காத்திருங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி