"படம் எப்படி?" என்று கேட்பவருக்கு என்ன சொல்ல? – தயாரிப்பாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த இரண்டு மாதங்களில் திரையரங்கில் ஐந்து படங்கள் பார்த்தேன். ஐந்தைப் பற்றியும் என்னிடம் "படம் எப்படி?" என்று கேட்டவர்கள் உண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதிலும் சொன்னேன். விமர்சகன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியோ ஆசையோ எனக்கு இல்லை. ஆனாலும், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் யாரும் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று உங்கள் தரப்பிலிருந்து எழும் கோரிக்கை, என் போன்றவர்களின் அந்த எளிய பதிலையும் சேர்த்தே வாயடைப்பதால், இதை உங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில், பெரும் பொருட்செலவில் உருவான ஒரு படம் முதல் காட்சியிலிருந்தே கடுமையான வசைகளைச் சந்தித்ததைத் தொடர்ந்து, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்கள் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதையடுத்து நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் என்னும் மற்றொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்றது. டிசம்பரில் வழக்கை விசாரித்த நீதிமன்றம், விமர்சனம் கருத்துரிமைக்குள் அடங்குவது என்பதைச் சுட்டிக்காட்டிப் பொத்தாம்பொதுவான தடை விதிக்க மறுத்தது. ஆனால் கோரிக்கை ஓயவில்லை. பெரிய படம் ஒன்று சறுக்கும்போதெல்லாம் ஏதாவதொரு மேடையில் அது மறுபடி தலை தூக்குகிறது.

அந்த "படம் எப்படி?" என்னும் கேள்வியைச் சற்று அருகில் சென்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை இரவு, மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவான ஒரு சண்டைப் படம் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் நான் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோதே அக்காவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் கேள்வி வந்துவிட்டது: "படம் எப்படிடா? பசங்களக் கூட்டிட்டுப் போலாமா?" நான் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: "முதல் பாதி பறக்குது. இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை. ரத்தம் ஜாஸ்தி, சின்னவன் பயந்துடுவான். நீயும் அத்தானும் மட்டும் போங்க." அதே இரவில், அதே படத்தைப் பற்றி அலுவலக நண்பர் கேட்டபோது, "பின்னணி இசைக்காகவே தியேட்டர்ல பாருங்க, ஓடிடி வரைக்கும் தள்ளிப் போடாதீங்க" என்றேன். இரண்டு பதிலும் உண்மை. படம் ஒன்றுதான், கேட்டவர்கள் இருவர். நாங்கள் சொல்லும் கருத்தில் படத்தைப் பற்றிய அறிவு பாதிதான். மீதிப் பாதி, கேட்பவரைப் பற்றிய அறிவு. தணிக்கை வாரியம் 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துத் தருகிறது, நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் சின்னவன் எதைக் கண்டு மிரள்வான் என்பதைச் சான்றிதழ் சொல்லாது. அவனுடைய மாமன் சொல்லலாம்.

இப்படிப்பட்ட பேச்சுக்கென்று ஒரு தனி அகராதியே இருக்கிறது. "ஒரு தடவை பார்க்கலாம்" என்று நாங்கள் சொன்னால், கொடுத்த காசுக்கு வயிறு எரியாது என்று பொருள். "ஒரே ஒரு தடவைதானா?" என்று இயக்குநர்கள் அதைக் கேட்டு வருந்தக்கூடும், எங்கள் கணக்கில் அது பாராட்டுக்கு ஒரே ஒரு படி கீழே நிற்கும் சொல். "ஓடிடி-ல பார்த்துக்கலாம்" என்பதுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய தீர்ப்பு. அதை முதன்முதலில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும், நான்கே வாரங்களில் படத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் உங்கள் ஒப்பந்தங்கள்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்று நாள் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. பிலிம் பெட்டி காலத்தில் படம் பெருநகரங்களில் ஓடி, பிறகு சிற்றூர்களுக்கு இறங்கி, ஏ, பி, சி சென்டர் என்று மாதக்கணக்கில் பயணம் செய்தது. நூறாவது நாள் சுவரொட்டி என்பது அன்று நடைமுறைக்கு உட்பட்ட ஆசை. டிஜிட்டல் திரையிடல் வந்தபின் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தை இறக்க முடிகிறது; அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலில் முதலீட்டின் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டிய நெருக்கடியும் வந்தது. அந்த மூன்று நாட்களில் படத்தைப் பற்றி ஒரு பாதகமான பேச்சு பரவினால் கோடிகள் போகும் என்ற உங்கள் அச்சம் பொய்யானது அல்ல. அந்தக் காலத்தில் ஆனந்த விகடன் மதிப்பெண் வருவதற்குள் படம் ஒரு வாரமாவது ஓடியிருக்கும் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் விகடன் அச்சாவதற்கு முன்பே, முதல் நாள் இரண்டாம் ஆட்டம் பார்த்தவர் மறுநாள் காலைத் தேநீர்க் கடையில் படத்தைப் பிரித்து மேய்ந்திருப்பார். பேச்சின் வேகம் கூடியிருக்கிறதே தவிர, பேச்சு புதிதாக வந்துவிடவில்லை.

மேலும், அந்த மூன்று நாள் மௌனம் யாரைக் காப்பாற்றும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கு முதல் மூன்று நாட்களின் டிக்கெட் முன்பதிவிலேயே பெரும்பாலும் விற்றுவிடுகிறது. அதை வாங்குகிறவர்கள் யாருடைய கருத்துக்கும் காத்திராமல் வருகிறவர்கள். சிறிய படத்தின் நிலை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில், புதுமுகங்கள் நடித்த ஒரு படத்தை என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் பார்த்தோம். சுவரொட்டி கண்ணில் பட்டிருக்கவில்லை, தொலைக்காட்சி விளம்பரமும் இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்த நண்பர் ஒருவர் முகநூலில் எழுதியிருந்த நான்கு வரிகள்தான் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன. வீடு திரும்பி நானும் நான்கு பேரிடம் சொன்னேன். அவர்கள் திங்கட்கிழமை தேடியபோது, அந்தத் திரையரங்கில் அந்தப் படத்துக்குக் காட்சியே இல்லை. மூன்று நாள் யாரும் பேசக் கூடாது என்ற விதி இருந்திருந்தால் அந்தப் பதினான்கில் நானும் இருந்திருக்க மாட்டேன். உங்கள் சங்கங்களில் சந்தா கட்டும் உறுப்பினர்களில் சிறுபடத் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள் அல்லவா? விளம்பரத்துக்குப் பணமில்லாதவருக்கு எங்கள் வாய்தான் விளம்பரம். அந்த வாயை மூடச் சொல்லும் கோரிக்கையில் அவர்களுடைய கையெழுத்தும் இருக்கிறதா என்று கேட்க விரும்புகிறேன்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை திரையரங்க வாசலில் என் முகத்துக்கு நேரே ஒரு மைக் நீண்டது. முதல் பாதி நன்றாக இருந்தது, மருத்துவமனைக் காட்சியில் அப்பாவாக நடித்தவர் கண்கலங்க வைத்துவிட்டார், இரண்டாம் பாதியில் மட்டும் கொஞ்சம் இழுவை என்று ஏறத்தாழ ஒரு நிமிடம் பேசினேன். அன்று மாலை வந்த காணொளியில் நான் இருந்தது நான்கு நொடி, சொன்னது ஒரே வார்த்தை: "இழுவை." என் அப்பாவே அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, படத்துல ஒண்ணுமே உனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார். ஆகவே திரையரங்க வளாகத்துக்குள் மைக் வேண்டாம் என்று அதன் உரிமையாளர்கள் முடிவெடுத்தால் நான் மறுக்க மாட்டேன். அது அவர்களுடைய இடம். ஆனால் என் நான்கு நொடியைத் திரித்தவரைத் தடுப்பதும், நான் அக்காவுக்குச் சொன்னதைத் தடுப்பதும் ஒன்றாகாது.

இந்த வேறுபாட்டை நம் சட்டம் எப்போதோ வரைந்து வைத்துவிட்டது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அவதூறு பற்றிய 499-ஆம் பிரிவுக்கு ஆறாவது விதிவிலக்கு என்று ஒன்று உண்டு. பொதுமக்களின் தீர்ப்புக்கு ஒருவர் தாமே முன்வைத்த படைப்பின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறாகாது என்பது அதன் சாரம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அது அப்படியே தொடர்கிறது. அதிலுள்ள எடுத்துக்காட்டுகள்தான் என்னை வியக்க வைத்தவை. மேடையேறும் நடிகரும் பாடகரும் தம் நடிப்பையும் பாட்டையும் பொதுமக்களின் தீர்ப்புக்கு வைத்தவர்களாகிறார்கள். "இந்தப் புத்தகம் அசட்டுத்தனமானது, எழுதியவர் பலவீனமானவராக இருக்க வேண்டும்" என்றால் அது விதிவிலக்குக்குள் வரும். "இந்த ஆள் பலவீனமானவர், ஒழுக்கங்கெட்டவர், அதனால் புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் வியப்பில்லை" என்றால் வராது, ஏனென்றால் அந்த வசை புத்தகத்திலிருந்து பிறந்ததில்லை. திரைப்படம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட இந்தக் கோட்டை இன்றைய யூடியூப் சேனலுக்கும் அப்படியே பொருத்தலாம். நடிகரின் குடும்பத்தை, உடலை, சாதியை இழுப்பவர் மீது அந்தப் பிரிவின் கீழ் நடவடிக்கை எடுங்கள். நாங்களும் உங்கள் பக்கம்தான்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் அதை மீட்டுத் தந்தது. சகிப்பின்மை கொண்டவர்களின் மிரட்டலுக்குக் கருத்துரிமை பணயமாகக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வழக்கை நடத்தி வென்றவர் ஒரு தமிழ்ப் படத் தயாரிப்பாளர். இன்றும் உங்கள் படங்களுக்கு யாராவது தடை கேட்டால் நீங்கள் போய் நிற்பது அந்தத் தீர்ப்பின் நிழலில்தான். கருத்துரிமை தரும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு திரைக்கு உள்ளே இருப்பவருக்கு ஒன்றும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேறொன்றுமாக எழுதப்படவில்லை.

இணையத்தில் விமர்சிப்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள் என்பது உங்கள் குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. எனக்கும் அதே சந்தேகம்தான், ஆனால் நான் அதிகம் பார்ப்பது காசு வாங்கிய வசையை விடக் காசு வாங்கிய புகழ்ச்சியைத்தான். சிறப்புக் காட்சி முடிந்த அரை மணி நேரத்தில், ஒரே சொற்களில், ஒரே எழுத்துப்பிழையோடு ஏழெட்டுப் பேர் "தரமான சம்பவம்" என்று பதிவிடும்போது, அது தற்செயல் என்று நம்ப நாங்கள் பச்சைக் குழந்தைகள் இல்லை. இரண்டாம் நாளே "மாபெரும் வெற்றி" என்று சுவரொட்டி வருகிறது. அதுவும் முதல் மூன்று நாட்களுக்குள் சொல்லப்படும் ஒரு கருத்துதானே? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிகள், பொருளை முன்வைப்பவருக்கும் அதைப் பரிந்துரைப்பவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இது. மூன்று நாள் தடை என்னும் கோரிக்கையைக் கைவிடுங்கள். அதற்குப் பதிலாக, உங்கள் உறுப்பினர்கள் எவரும் பணமோ பரிசோ கொடுத்துப் பெறும் பதிவுகள் ஒவ்வொன்றிலும் "விளம்பரம்" என்ற சொல் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் இடம்பெற வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். பணம் கேட்டு மிரட்டும் சேனல்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். மேடையில் ஜாடையாகப் பேசுவதை விட்டுவிட்டுக் காவல் துறையில் புகார் கொடுங்கள். சிறிய படங்களுக்குத் திங்கட்கிழமையும் ஒரு காட்சியாவது நிற்கும்படி திரையரங்க உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் நான்கு பேருக்குச் சொல்வது அந்த நான்கு பேருக்குப் பயன்பட வேண்டுமானால் அந்த ஒரு காட்சி வேண்டும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒருவன்