ஆலயப் பணியாளரின் கூலியைக் குறித்துச் சபைச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும் கிறிஸ்துவுக்குள் வாழ்த்துகள்.

ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் சகோதரிக்கு மூன்று மாதக் கூலி நிலுவையில் இருப்பதும், புதிய கோபுரத்தின் பிரதிஷ்டை முடிந்தபின் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடந்த கூட்டத்தில் நீங்கள் தீர்மானித்ததும் சபையார் அறிந்தவையே. நான் கேட்பது ஒன்றுதான்: பிரதிஷ்டைக்கு முன்பே அந்தக் கூலியை முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள்.

அவர் இப்போது ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? கூலி வராத மாதங்களில் சபையாரில் சிலரிடமே அவர் கைமாற்று வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர்கள் அமர்ந்திருக்கும் வரிசைகளைக் கடந்து உள்ளே வரக் கூசி, சனிக்கிழமை இருட்டியபின் வந்து தரையைத் துடைத்து, திருவிருந்து மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார். கர்த்தருடைய மேசையை ஆயத்தம் செய்கிறவருக்கு அந்த மேசையில் பங்கில்லாமல் போயிற்று. அவரை அதிலிருந்து விலக்கிவைத்திருப்பது, நாம் அவருக்குத் தீர்க்காமல் வைத்திருக்கும் கடன்.

கூலிக்காரனுடைய கூலியை அவன் வேலை செய்த நாளில், பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று வேதத்தின் உபாகமப் புத்தகம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்று காரணத்தையும் சொல்கிறது. யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீம் கேதுரு மரப் பலகைகளைப் பதித்து, ஜாதிலிங்கச் சிவப்பு வருணம் பூசித் தனக்கு விசாலமான அரண்மனை கட்டினான். அயலானிடம் வேலை வாங்கிக் கூலி கொடாமல் அதைக் கட்டுகிறவனுக்கு ஐயோ என்றார் எரேமியா தீர்க்கதரிசி. அவனுடைய தகப்பனாகிய யோசியாவோ சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான். “அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிறதாகும்” என்று கர்த்தர் கேட்கிறார். தேவனை அறிவது இன்னதென்று இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தீர்மானத்தை எப்படி எடுத்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவருக்குப் புத்தாடை கொடுத்தோமே என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையாக அல்ல, கடனாக எண்ணப்படும் என்று, கிருபையைப் பற்றியே எழுதிய பவுல் ரோமர் 4:4இல் சொல்கிறார். உரியதைக் கொடாமல் வைத்துக்கொண்டு, அதில் ஒரு சிறு பங்கை அன்பளிப்பென்று நீட்டுவது இரக்கமாகாது. அவருக்காக ஜெபிக்கிறோம் என்று இன்னொருவர் சொன்னார். ஜெபியுங்கள், ஆனால் ஆகாரமில்லாதவர்களிடம் பசியாறுங்கள் என்று சொல்லி வெறுங்கையாய் அனுப்புகிறவர்களைப் பற்றி யாக்கோபு எழுதியதையும், பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று அதே நிருபத்தின் 5ஆம் அதிகாரம் எச்சரிப்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

உபவாச ஜெபத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு சபையின் விசுவாசத்தை அளக்கிறோம். நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம். யாருக்கு என்ன கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதை மட்டும் எந்த ஆண்டறிக்கையிலும் வாசிப்பதில்லை. கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்று வேதத்தைப் போதித்த வேதபாரகரைக் கடிந்துகொண்ட ஆண்டவர்கூட, பத்தில் ஒரு பங்காக அவர்கள் செலுத்திய தசமபாகத்தை நிறுத்தச் சொல்லவில்லை; இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்றே சொன்னார். நம் கணக்கில் முன்னே நிற்கவேண்டியது எது என்பதே என் கேள்வி.

என் வார்த்தைகள் கடுமையாகப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரதிஷ்டைக்கு முன்பே நிலுவை முழுவதையும் பொருளாளர் அந்தச் சகோதரியின் கையில் கொடுக்கவும், இனி மாதந்தோறும் குறித்த நாளில், வேறெந்தச் செலவுக்கும் முன்னதாக அவருடைய கூலி வழங்கப்படவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீர்மானத்தை ஆராதனையில் அறிவித்தால் சபையார் நன்றியுள்ளவர்களாயிருப்போம்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினர் ஒருவர்