முன்வாசல் வழியாக லியோன்

அன்புள்ள யாழினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் ஜூன் மாதத்தில் நான்கு நாள் பிரான்சின் லியோன் நகருக்குப் போகவிருப்பதாகவும், எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், இரவில் எங்கே போகலாம் என்று எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். அந்த ஊரில் நான் பதினோரு ஆண்டுகள் இருந்தேன் என்றாலும், அதில் பெரும்பகுதி ஓர் உணவகத்தின் அடுக்களையில் தட்டு கழுவுவதிலும் வெங்காயம் நறுக்குவதிலுமே கழிந்தது. ஆகவே நான் அறிந்த லியோன், பின்வாசலிலிருந்து பார்த்த லியோன். நீங்கள் முன்வாசல் வழியாக நுழையப் போகிறீர்கள். ஆயினும் அடுக்களையின் நேரத்தைத் தெரிந்துகொண்டு நுழையுங்கள்.

அங்கே பகல் உணவு 12 மணிக்குத் தொடங்கி 2 மணியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு கதவைத் தட்டும் பயணியை எங்கள் முதலாளியம்மா எப்படிப் பார்ப்பார் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரவு உணவுக்கு ஏழு, ஏழரை மணிக்கு முன்னால் அடுப்பே எரியாது. ஞாயிறும் திங்களும் பல உணவகங்கள் மூடியிருக்கும். எனவே காலையில் எழுந்ததும் எதைப் பார்ப்பது என்று யோசிக்காமல், எங்கே எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்து, மேசைக்குச் சொல்லி வைத்துவிட்டு, பார்க்கும் இடங்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள். அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

நீங்கள் தேடிப் போகவேண்டியவை பூஷோன் என்னும் சிறிய உணவகங்கள். கட்டம் போட்ட மேசை விரிப்பும், முழங்கையோடு முழங்கை இடிக்கும் நாற்காலிகளும் அவற்றின் அடையாளம். பழைய லியோன் தெருக்களில் அந்தப் பெயரை எழுதி வைத்துப் பயணிகளைப் பிடிக்கும் கடைகள் ஏராளம். வாசலில் நின்று கைதட்டி அழைப்பவர் இருந்தால் நடையைக் கட்டுங்கள். மாப்பிள்ளை மாட்டையும் பன்றியையும் தொடமாட்டார் என்பதால் ஓர் எச்சரிக்கை. பூஷோன் சமையலின் உயிரே பன்றியும் குடலும் ஈரலுந்தான். பட்டுத் தறி நெய்தவர்கள் மலிவான உறுப்புகளைக் கொண்டு வயிற்றை நிரப்பிய உணவு அது. ‘தாப்லியே த சப்பர்’ என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மாட்டு இரைப்பை. ‘அந்துயெட்’ என்றால் குடலைக் குடலுக்குள் அடைத்தது. பெயரின் அழகில் மயங்கி எதையும் கேட்டுவிடாதீர்கள்.

மாப்பிள்ளைக்கு ஏற்றது ‘கெனெல்’. பைக் என்னும் ஆற்றுமீனின் சதையை மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்து அரைத்து, நீளவாக்கில் உருட்டி வேகவைத்து, நன்னீர் இறால் சாற்றை மேலே ஊற்றித் தருவார்கள். வெந்து உப்பி வரும்போது அது தட்டைவிட்டு எழுந்துவிடுமோ என்று தோன்றும். லியோன் சாலட் கேட்டால் ‘சான் லார்தோன்’ என்று சேர்த்துச் சொல். இல்லையேல் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் வந்துவிடும். ‘செர்வெல் த கனு’ என்றால் நெசவாளியின் மூளை என்று பொருள். பயப்படவேண்டாம், அது பூண்டும் பச்சிலையும் சிறுவெங்காயமும் கலந்த மெத்தென்ற பாலாடைக்கட்டி மட்டுமே. ஏழை நெசவாளிகளைக் குறித்த பெயரில் எவருடைய ஏளனம் இருக்கிறது என்று நான் அடிக்கடி நினைத்ததுண்டு. மது அருந்தினால் ‘போ’ என்று கேளுங்கள். அடி தடித்த கண்ணாடிக் குப்பியில் 46 சென்டிலிட்டர் வரும். ரோன், சோன் என்ற இரு ஆறுகளோடு போழொலே மது மூன்றாவது ஆறாக அந்த ஊருக்குள் பாய்கிறது என்பது அவர்கள் வேடிக்கையாகச் சொல்வது.

லியோன் சமையலுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பெண்கள். செல்வர் வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து தாமே உணவகம் திறந்தார்கள். ஊர் அவர்களை ‘மேர்’, அதாவது அம்மா என்று அழைத்தது. அவர்களுள் எழேனி பிரசியே 1921இல் ருவயால் தெருவில் கடை திறந்து, பின்னர் இன்னொன்றும் தொடங்கி, 1933இல் அந்த இரண்டு உணவகங்களுக்கும் மும்மூன்று மிஷ்லென் நட்சத்திரங்கள் பெற்றார். உணவகங்களுக்குத் தரும் மிக உயர்ந்த மதிப்பு அது. உலகப்புகழ் பெற்ற சமையற்கலைஞர் போல் பொகூஸ் அந்த அம்மாவின் அடுக்களையில் வேலை பார்த்தவர். இப்போது பார்-தியு பகுதியில் கூரைக்குக் கீழே இயங்கும் சந்தைக்கு பொகூஸின் பெயர்தான். ஒரு நாள் காலை அங்கே போய்ப் பாலாடைக்கட்டிக் கடைகளின் முன்னால் நில்லுங்கள். வாங்காவிட்டாலும் மணம் உங்களோடு வரும்.

பார்க்கும் இடங்களில் முதலாவது ஃபூர்வியேர் குன்று. பழைய லியோன் மெட்ரோ நிலையத்திலிருந்து மலைரயில் ஏறும். ஊர்க்காரர்கள் அதைக் ‘கயிறு’ என்பார்கள். மேலே உள்ள பேராலயத்தின் நான்கு கோபுரங்களையும் கீழிருந்து பார்த்துவிட்டு, யானை மல்லாக்கப் படுத்திருக்கிறது என்று கேலி பேசுவதும் அவர்களே. கி.மு. 43இல் ரோமானியர் ஊரைத் தொடங்கியது அந்தக் குன்றில்தான். அவர்களுடைய கல் அரங்கில் கோடை இரவுகளில் இசையும் நாடகமும் நடக்கும். நீங்கள் போகும் ஜூனில் அந்த விழா நடந்துகொண்டிருக்கும் என்பதால் ஒரு நாளைக்காவது சீட்டு வாங்கிவிடுங்கள். உட்காரத் தரும் மெத்தைகளை நிகழ்ச்சி முடிந்ததும் மக்கள் மேடையை நோக்கி வீசுவது வழக்கம். நான் ஒரே ஒருமுறைதான் போனேன், அதுவும் ஓர் உடன் வேலையாள் வராததால் மிஞ்சிய சீட்டில். மெத்தையை வீசாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இறங்கும்போது நடந்தே இறங்கி, சேன்-ழான் தெருவில் ‘ட்ராபூல்’களைப் பாருங்கள். ஒரு தெருவின் கதவைத் தள்ளி நுழைந்தால் முற்றமும் சுழல்படியும் கடந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வழிகள் அவை. சேன்-ழான் தெரு 54ஆம் எண்ணில் நுழைந்தால் பேஃப் தெரு 27ஆம் எண்ணில் வருவீர்கள். மேலே மக்கள் குடியிருக்கிறார்கள், ஆகையால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

குருவாரூஸ் குன்று எனக்குப் பிடித்தது. என் அறை அங்கேதான் இருந்தது. ஃபூர்வியேர் இறைவனை வேண்டுகின்ற குன்று, இது உழைக்கின்ற குன்று என்று அங்கே ஒரு சொல் உண்டு. தறி உயரம் என்பதற்காகவே வீடுகளின் கூரையை நான்கு மீட்டர் வரை எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சிபுரத் தறிகளின் மேல் நீ பார்த்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, லியோனில் பிறந்த ஜக்காரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கூலிக்கு நிர்ணயித்த விலையை வணிகர்கள் சிலர் ஏற்க மறுத்ததால் 1831இல் நெசவாளிகள் அந்தச் சரிவுகளில் கிளர்ந்தெழுந்தார்கள். ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டு மடிவோம்’ என்பது அவர்களின் கொடிச்சொல். அங்கே உள்ள வொராஸ் என்னும் முற்றத்தின் படிக்கட்டைப் பார்க்காமல் திரும்பாதே. மாப்பிள்ளை சினிமாப் பிரியர் ஆயிற்றே, அவரை மோன்ப்ளேசிர் பகுதிக்கு அழைத்துப் போ. லூமியேர் சகோதரர்கள் 1895இல் தம் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியேறுவதைப் படம்பிடித்த இடத்தின் தெருவுக்கே ‘முதல் படத் தெரு’ என்று பெயர். பெல்கூர் சதுக்கத்தைக் கடந்து போனால் போதும். பெரியது, வேறு ஒன்றுமில்லை.

இரவைப் பற்றிச் சொல்வதற்கு நான் தகுந்த ஆள் அல்லன். என் இரவுகள் பாத்திரங்களோடு முடிந்தன. எனினும் வேலை முடிந்து ரோன் ஆற்றங்கரையில் நடந்து வரும்போது, கரையில் கட்டிய படகுகளில் மதுக்கடையும் இசையும் நடப்பதைக் கண்டிருக்கிறேன். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இளைஞர்கள் படிக்கட்டுகளில் உட்கார்ந்து பேசுவதே பாதி இரவு ஆகிவிடும். அதிகம் ஆட விரும்பினால் இரு ஆறுகளும் சேரும் முனையில், பழைய சர்க்கரைக் கிடங்கின் மாடியில் ‘லெ சுக்ர்’ என்ற இடம் உண்டு. அமைதியாக உட்கார விரும்பினால் குருவாரூஸ் சரிவின் சிறு கடைகளே நல்லவை. நள்ளிரவு கடந்ததும் மெட்ரோ நின்றுவிடும் நாட்கள் உண்டு. திரும்பும் வழியை முன்பே பார்த்து வைத்துக்கொள்.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயரைக் கேட்டாய். வேண்டாம், கடைசி இரண்டு மாதக் கூலி வராமல் முடிந்த கதையை அங்கே போய் நீ கிளற வேண்டியதில்லை. வேறு எந்தப் பூஷோனிலாவது அடுக்களைக் கதவு தெரியும் மேசையாகப் பார்த்து உட்கார். கெனெல் வரும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. ரோஜாநிறச் சர்க்கரை பூசிய பாதாம், ‘பிரலீன்’ என்பார்கள், அம்மாவுக்குக் கால் கிலோ வாங்கி வா. அதைத் தூளாக்கிப் பணியாரத்தில் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவள் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
புதுச்சேரி